வடக்கு வாசல் கதிரவேலர் காலமானார்

புளியங்கூடல் வாசிகசாலையின் வரலாற்றில் சென்ற சனிக்கிழமை ஒரு துயர நாளாகப் பதியப்படவேண்டும் என்பதை, உள்ளூரிலும் வெளியூரிலும் கடல் கடந்தும் வாழும் சகலருக்கும் ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருகிறோம். அன்று பின்னேரம் நான்கு மணி இருபத்தொரு நிமிடத்துக்கு, ‘ஏழு கோட்டை’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் சீசன் நான்காம் பாகத்தில், வடக்கு வாசல் காவலர் கதிரவேலர் நெஞ்சில் அம்பு பட்டுக் காலமானார். அம்பை எய்தது ஆர் என்று காட்டவில்லை.

உயிர் பிரிய எடுத்த நேரம் பதினொரு செக்கன். மணிக்கூட்டைப் பார்த்து அதைக் குறித்து வைத்தவர் வாசிகசாலைத் தலைவரும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உப அதிபருமான இராசநாயகம் சேர்.

தொடரில் அந்தக் காவலருக்கு வேறு பெயர். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர். அரசிக்கும் அப்படித்தான், மந்திரிக்கும் அப்படித்தான். தமிழில் குரல் கொடுத்தவர்கள் பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே இரண்டாம் சீசனிலேயே நிர்வாகசபை கூடி எல்லாருக்கும் ஊர்ப்பெயர் வைத்தது. அரசி, பூரணம். காட்டிக்கொடுக்கிற மந்திரி, விதானையார். நித்திரையிலும் கூர்வேலைக் கீழே வைக்காத காவலர், கதிரவேலர். அதன்பிறகு அவர்களுடைய சொந்தப் பெயர்களை ஆரும் நினைத்துப் பார்த்ததில்லை.

“ஐஞ்சு சீசனா ஒரு கடிதத்தைக் காவிக்கொண்டு பனிக்குள்ள நடந்த மனிசன்,” என்று ரீவியை நிற்பாட்டிவிட்டு சேர் தொடங்கினார். “வாசலுக்கு வந்து கதவில தட்ட முதல் ஆள் முடிஞ்சுது. கடிதம் எங்கை? அதில என்ன எழுதிக் கிடந்தது? மூண்டாம் சீசனில ஒரு ஆத்தைக் கடக்க ரெண்டு பாகம் எடுத்தவங்கள், இப்ப ரெண்டு கோட்டையை விழுத்திறதுக்கிடையில ஒரு பிளேன்ரீ ஆறுதில்லை.”

வலப்பக்க வாங்குப்பலகையிலிருந்து வசீகரன் எழும்பினான். ஊர்காவற்றுறை பஸ்ஸின் சாரதி. அவனுடைய பஸ் நேரத்துக்கு வந்ததை அந்தப் பாதையில் கண்டவர்கள் குறைவு. ஆனால் கதையென்று வந்தால் அவன் வேகத்தின் பக்கம்.

“கதை எண்டா ஓடவேணும், சேர். அந்த ஆத்தில குதிரை நிண்டு தண்ணி குடிச்ச பாகத்தில நான் ரெண்டு தரம் நித்திரை கொண்டனான்.”

“நீர் பஸ்ஸிலயும் அப்பிடித்தானே காணும்.”

வாசிகசாலை சிரித்தது. ஆனால் பாதிதான் சிரித்தது. மற்றப் பாதி வசீகரனைப் பார்த்துத் தலையாட்டியது. இடப்பக்க வாங்கில் இருந்தவர்கள் ஆறுதல்காரர்; கதை ஆற அமர நடக்கவேண்டும், ஆற்றைக் கடக்கிறவன் கால் நனைவதைக் காட்டவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வலப்பக்கத்தார் அவசரக்காரர். இரு பகுதியாரும் ஒருவரோடு ஒருவர் தேத்தண்ணி குடிப்பதை ஐந்தாம் சீசனோடு நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு தொடருக்காக இவ்வளவோ என்று வெளியாள் கேட்கலாம். சேருக்கு விஷயம் தொடர் மட்டுமில்லை. இன்னும் இரண்டு கிழமையில் வாசிகசாலையின் பொதுக்கூட்டம். பதினொரு வருடமாகப் போட்டியில்லாமல் தலைவராக இருந்தவருக்கு எதிராக முதல் தடவை ஒருவன் நிற்கிறான், வசீகரன். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் சுவிஸில் இருக்கிற ஊரவர்களின் ஒன்றியம் மாபிள் பதித்துக் கட்டிய புதிய மண்டபம் ஆறு வருடமாகப் பூட்டியபடி நிற்கிறது. ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மார்கழியில் திறப்போம் என்று இப்போது செய்தி வந்திருக்கிறது. திறப்புவிழா என்றால் ஒரு கல் வைப்பார்கள். கல்லென்றால் அன்றைய தலைவரின் பெயர் வெட்டுவார்கள். கல்லில் எழுத்து எப்படி வரும் என்று சேர் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தார். பட்டத்தோடு ஒன்று, பட்டம் இல்லாமல் ஒன்று. பட்டத்தோடுதான் வடிவாக இருந்தது.

ஆகவே, கதிரவேலரின் சாவால் மனமுடைந்த வாக்குகளை ஒன்றுசேர்க்க என்ன செய்யலாம் என்று யோசித்தார். கைவசம் ஒரு கலை இருந்தது. இருபது வருடமாக அந்தச் சுற்றுவட்டாரத்து மரண அறிவித்தல் முழுவதும் அவர் எழுதினதுதான். அவர் கைபடாமல் அங்கே ஒருவரும் ஒழுங்காகச் செத்ததில்லை. கதிரவேலருக்கும் ஒன்று எழுதி, வாசிகசாலைச் சுவரில் ஒட்டி, தொடரின் வேகத்தை ஊரறியக் கேலி செய்வது என்று முடிவெடுத்தார்.

‘வடக்கு வாசலைப் பிறப்பிடமாகவும் வாசிகசாலையை வசிப்பிடமாகவும் கொண்ட கதிரவேலர் அவர்கள், கதையின் வேகம் தாங்காது அகால மரணமானார். அன்னார் எவருக்கும் தீங்கு நினையாதவரும், பெற்றார் சுற்றத்தார் அற்றவரும், எல்லாருக்கும் அன்புக் காவலரும் ஆவார்.’

மனைவி சறோஜினிதேவி கண்ணாடியைப் போட்டு வாசித்தா.

“நாப்பது வருசம் சமைச்சுப் போட்டிருக்கிறன். எனக்கு இப்பிடி ஒரு வரி எழுதினனீங்களே?”

“நீர் உயிரோடை இருக்கிறீர்,” என்றார் சேர். அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊர்காவற்றுறையில் நோட்டீஸ் அடிக்கிற கடையில் சயந்தினி என்றொரு பிள்ளை. சேரின் எழுத்தை எட்டு வருடமாகத் தட்டச்சுச் செய்கிறவள். பாதி வரிகள் கைக்கே பாடம். சேர் தாளைக் கொடுத்து, போனிலிருந்த கதிரவேலரின் படத்தையும் அனுப்பி, ஒரேயொரு பிரதி போதும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சயந்தினி நல்ல பிள்ளை. சேருக்கு வயது போகிறதென்று இரக்கப்பட்டு, பிழைகளைத் தானே திருத்தினாள். வசிப்பிடத்தில் ‘வாசிகசாலையை’ என்றதைப் ‘புளியங்கூடலை’ ஆக்கினாள். ‘கதையின் வேகம் தாங்காது’ என்றது ஏதோ தவறி விழுந்த வரியென்று எடுத்துவிட்டாள். படத்தில் ஆள் இரும்புச் சட்டையும் தாடியுமாக நின்றார். தாடியை விட்டு, இரும்புச் சட்டைக்கு மேலே கறுப்புக் கோட்டும் கழுத்தில் சிவப்பு ரையும் போட்டு, நெற்றியில் மூன்று குறி விபூதியும் பூசினாள். அந்தக் கடையில் செத்த எல்லாருக்கும் அதே கோட்டும் அதே ரையும்தான். அடியில் வழமைபோலச் சேரின் தொலைபேசி இலக்கத்தைப் போட்டாள். அடிக்கிற நோட்டீஸைக் கடையின் பேஸ்புக்கிலும் போடுவது வழமை. அதையும் செய்தாள்.

திங்கட்கிழமை காலமை சேர் பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்க ரொறன்ரோவிலிருந்து போன்.

“சேர், எந்தக் கதிரவேலர்? எங்கட பெரியம்மா வீட்டுக்குப் பின் காணிக்காரரே?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால், ஓய்வுபெற்ற உப அதிபர் ஒருவர் ரீவியில் வருகிற காவல்காரனுக்கு மரண அறிவித்தல் அடித்தார் என்பது பொதுக்கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் வெளியே போகிற செய்தியில்லை. சேர் வாயைக் கொப்பளித்தார். அந்த அவகாசத்தில் ஒரு மறுமொழி கிடைத்தது.

“அவர் எங்கட ஊர் இல்லைத் தம்பி. வந்து இருந்தவர்.”



“வந்து இருந்த ஒரு மனிசனுக்கே நோட்டீஸ் அடிச்சிருக்கிறியள். நீங்கள் பெரிய மனிசன் சேர்.”

இது தவறென்று சொல்லச் சேருக்கு மனம் வரவில்லை. அவருக்கே பலகாலமாக இருந்த அபிப்பிராயம் அது.

பத்து மணிக்கிடையில் லண்டன், பாரிஸ், பக்கத்துத் தீவு இறுப்பிட்டி என்று போன். சேர் சயந்தினிக்குப் போன் அடித்து, நோட்டீஸை உடனே எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தாள். பதினொரு மணிக்கு ரொறன்ரோ மறுபடி வந்தது. ஏன் எடுத்தது, காணிப் பிரச்சினையோ, ஆர் காணியை எழுதி எடுக்கப் பார்க்கிறது என்று கேட்டது. மத்தியானத்துக்கிடையில், கதிரவேலரின் சாவில் ஏதோ இருக்கிறது, அம்பு பட்டுச் செத்ததாகவும் ஒரு கதை அடிபடுகிறது என்று வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. சேர் திரும்பவும் சயந்தினிக்கு அடித்தார். அவள் நோட்டீஸைத் திரும்பப் போட்டாள். இந்தமுறை கொஞ்சம் பெரிதாக, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து.

பின்னேரம் வெள்ளை உடுத்து ஐந்தாறு பேர் படலையில் வந்து நின்று செத்தவீடு எந்தப்பக்கம் என்று கேட்டார்கள். எல்லாம் காலமையே எரிச்சாச்சு என்று சொன்னால் போய்விடுவார்கள் என்று சேர் கணக்குப்போட்டார். அவர்களும் போனார்கள். போய் ஐயாத்துரையரிடம் சொன்னார்கள்.

ஐயாத்துரையருக்கு எண்பத்துநாலு வயது. வாலிபத்தில் மாத்தறையில் கடை வைத்திருந்தவர். பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

“எனக்கு ஒரு சொல் சொல்லாமல் எரிச்சுப்போட்டீரே?”

“ஐயா, உங்களுக்கு அவரைத் தெரியாது.”

“ஆருக்கு? எழுபத்தாறாம் ஆண்டு என்ர மாத்தறைக் கடையில ரெண்டு வருசம் நிண்டவன். பருப்பு நிறுத்தானெண்டா ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது. உந்த மூக்கை நான் எங்கை கண்டாலும் அறிவன்.”

“அது வேற ஆள், ஐயா.”

“அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீர்.”

சேர் அப்படிச் சொல்லவில்லை. எண்பத்துநாலு வயதுக்காரரை, அதுவும் எட்டு வாக்குள்ள குடும்பத்தின் தலைவரை, அப்படிச் சொல்ல ஏலாது. நல்ல மனிசன் என்று மட்டும் சொன்னார். ஐயாத்துரையர் இருந்து ஒருபாட்டம் அழுதுவிட்டுப் போனார்.

புதன்கிழமை சுவிஸ் ஒன்றியத்தின் செயலாளர் துஷ்யந்தன், சேரின் பழைய மாணவன், வட்ஸ்அப்பில் கேட்டான்: அமரரின் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் அனுப்பமுடியுமா, ஒன்றியத்தின் பக்கத்தில் போடவேண்டும்.

சேர் முதலில் மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தார். பிறகு பேனையை எடுத்தார். பொய் எழுதுவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். தொடரில் நடந்ததைத் தவிர ஒரு சொல் சேர்க்கவில்லை. இளமையில் தாய் தகப்பனை இழந்தவர். வடதிசையில் கடுங்குளிர் நாட்டில் நெடுங்காலம் காவற்கடமை செய்தவர். மணமுடிக்காதவர். பிறர் தந்த ஒரு பொறுப்பைக் காலமெல்லாம் நெஞ்சோடு அணைத்துத் திரிந்தவர். சேர வேண்டிய வாசலுக்கு வந்து, கதவு திறக்குமுன் கண்மூடியவர்.

வெளிநாட்டில் இருந்தவர்கள் அதை வாசித்து, நோர்வேயில் செக்கியூரிட்டி வேலை செய்து, கடைசியில் ஊருக்குத் திரும்பி வந்து செத்துப்போன ஒரு தனியாளின் கதையென்று விளங்கிக்கொண்டார்கள். நானூறு பேர் அழுததாக அடையாளம் போட்டிருந்தார்கள். ஒருவர் தானும் அவரும் ஒஸ்லோவில் ஒரே அறையில் இருந்ததாக எழுதியிருந்தார்.

வசீகரன் வியாழக்கிழமை வந்தான். பஸ்ஸை வேலிக்கரையில் நிற்பாட்டி, சனத்தை இருத்திவிட்டு இறங்கி வந்தான்.

“சேர், நோட்டீசில கிடக்கிறது எங்கட கதிரவேலர்தானே?”

சேர் பஸ்ஸிலிருந்த சனத்தை எண்ணத் தொடங்கினார்.

“கோட்டுப் போட்டிருக்கு. எண்டாலும் ஆளை எனக்குத் தெரியாதே? பொதுக்கூட்டத்தில எழும்பிக் கேப்பன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

பஸ்ஸிலிருந்து ஒரு மனிசி கையை நீட்டி, நேரம் போகுது தம்பி என்று கூப்பிட்டா. அவசரக்காரர் தலைவன் ஆறுதலாக நடந்துபோய் ஏறினான்.

அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் சேருக்குச் சோறு இறங்கவில்லை. செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு என்ன படைக்கிறது, அவருக்கு மீன் பிடிக்குமோ என்று ஐயாத்துரையர் ஆள்விட்டுக் கேட்டார். சேர், தொடரில் அவர் காய்ந்த இறைச்சி தின்றதாகத்தான் ஞாபகம் என்றாலும், மரக்கறி போதும் என்று சொல்லிவிட்டார். விலகுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொதுக்கூட்டத்துக்குப் போனார். வசீகரன் வாய் திறந்தால் அவர் அந்தக் கடிதத்தை எடுப்பார். பெயர் கல்லில் வராது. ஊருக்குள்ளும் தலை நிமிர்த்த முடியாது.

அறுபது பேர் வந்திருந்தார்கள். கதிரவேலருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அது முடிய முதலே வசீகரன் எழும்பினான்.

“இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. கதிரவேலர் எண்டு ஒரு ஆளே இல்லை. அது ரீவியில வாற காவல்காரன்.”

ஐயாத்துரையர் பொல்லைத் தூக்கினார். இரண்டு வருடம் தன் கையால் சோறு போட்டு வளர்த்தவன் இல்லாத ஆளோ என்று கேட்டார். சேர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. வலப்பக்க வாங்கிலிருந்து, அதாவது வசீகரனுடைய சொந்தக் கட்சியிலிருந்து, பாலர் பாடசாலை ரீச்சர் கிருசாந்தி எழும்பினா.

“வசீகரன் அண்ணை, ஐஞ்சு சீசன் அந்த மனிசனுக்காக அழுதனாங்கள். இல்லாத ஆளுக்கோ அழுதனாங்கள்?”

“நான் சொல்லுறது என்னெண்டா…”

“நீங்கள் அப்பவும் கதை ஓடட்டும், ஆள் சாகட்டும் எண்டுதான் நிண்டனீங்கள். இப்ப அப்பிடி ஒரு ஆளே இல்லை எண்டுறியள். செத்தவீட்டில கதைக்கிற கதையே இது?”

வாசிகசாலை குழம்பியது. ரீவியை ஒருநாளும் பாராதவர்கள் செத்த மனிசனை அவமதித்தான் என்று எழும்பினார்கள். ஒரு பாகமும் விடாமல் பார்த்தவர்கள் அதைவிடக் கோபமாக எழும்பினார்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இடப்பக்கத்தில் ஒருவர் கேட்க, அது ஒஸ்லோவிலிருந்து வந்த கடிதம் என்று வேறொருவர் விளக்கம் சொன்னார். ஆறுதல்காரரும் அவசரக்காரரும் முதல் தடவையாக ஒரே பக்கத்தில் நின்றார்கள். சேர் வாய் திறக்கவேயில்லை. அது பெருந்தன்மை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

துண்டில் எழுதிப் போட்ட வாக்கு. சேருக்கு ஐம்பத்தாறு, வசீகரனுக்கு நாலு. அந்த நாலில் ஒன்று ஆருடையது என்று வீட்டில் கேட்கச் சேர் துணியவில்லை. விலகல் கடிதத்தைக் கிழித்து அடுப்புக்குள் போட்டார். அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்கழி முதற்கிழமை துஷ்யந்தன் சுவிஸிலிருந்து வந்து இறங்கினான். மறுநாள் காலமை ஒன்பது மணிக்கு சேர் தோய்த்து மினுக்கிய வேட்டி சால்வையோடு புதிய மண்டபத்துக்குப் போனார். விறாந்தையில் படங்கு போட்டு மூடியபடி கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கொழும்பில் வெட்டிய கறுப்புக் கல்.

“பாக்கலாமே தம்பி?”

“பாருங்கோ, சேர்.”

சேர் தன் கையாலேயே படங்கை எடுத்தார்.

‘வடக்கு வாசல் காத்த பெருமகன் அமரர் கதிரவேலர் ஞாபகார்த்த மண்டபம்.’

பொன் எழுத்து. அதற்குக் கீழே திகதி. அதற்குக் கீழே வெறும் கல். சேர் குனிந்து ஓரங்களைப் பார்த்தார். பின்பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“தலைவற்ர பேர்?”

“ஒருத்தற்ர பேரும் போடேல்லை, சேர். ஒண்டைப் போட்டா மற்றவை கேப்பினம். ஆறு வருசம் இது பூட்டிக் கிடந்ததே உந்தப் பேரால.”

பிறகு அந்தக் கதையைச் சொன்னான். ஒன்றியத்தில் மூன்று பகுதி. மூன்று பகுதிக்கும் மூன்று தகப்பன்மார். ஒவ்வொருவரும் மண்டபத்துக்குத் தங்கள் தகப்பனின் பெயர்தான் வரவேண்டும் என்று நின்றார்கள். சுவிஸில் பேர்ண் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் கதிரை எறிந்து ஒருவருக்கு மண்டையில் நாலு தையல். அந்த மூன்று பகுதியும் கதிரவேலரின் பெயருக்குப் பத்து நிமிடத்தில் கையெழுத்து வைத்துவிட்டது. அதை அவன் ஆறுதலாக, சந்தோசமாகச் சொன்னான்.

சேர் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துப் பார்த்தார். அதை எப்படியும் குலைக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். ஆனால் மானம் இரண்டு மூன்று வருடத்தில் திரும்பி வரக்கூடியது. அவருடைய அனுபவத்தில் ஊர் எதையும் அதற்குமேல் ஞாபகம் வைத்ததில்லை. கல் நூறு வருடம் நிற்கும். விறாந்தையில் வேறு ஒருவரும் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

நோட்டீஸ் எழுதியதைச் சொன்னார். கோட்டையும் ரையையும் சொன்னார். மாத்தறைப் பருப்பைச் சொன்னார். ஒஸ்லோவில் கதிரவேலர் எந்த அறையிலும் இருந்ததில்லை என்று சொன்னார். எல்லாம் சொல்லி முடித்து, தன் வாழ்நாளில் ஒரு மாணவனுக்கு முன்னால் முதல் தடவையாகத் தலை குனிந்தார்.

“தம்பி, கதிரவேலர் எண்டு ஒரு ஆள் இல்லை. கல்லை மாத்தவேணும்.”

துஷ்யந்தன் படங்கை எடுத்துக் கல்லைத் திரும்ப மூடி, காற்றுக்குப் பறக்காமல் நுனியை உள்ளே செருகினான்.

“தெரியும், சேர். நாங்களும் ஆறாம் சீசன் பாத்தனாங்கள். தகப்பன் பிள்ளை மச்சான் எண்டு ஒருத்தரும் இல்லாத ஆள் எண்டபடியாத்தான் மூண்டு பகுதியும் ஓம் எண்டது.”